போர்ப் படக் கண்காட்சி: எதை மாட்டுவது, எதை விடுவது?

அம்மாப்பேட்டை_வாசகன்:

வணக்கம். சேலத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். மே மாதம் போர்ப் புகைப்படங்களை மட்டும் வைத்து ஒரு சின்னக் கண்காட்சி நடத்தலாம் என்று முடிவாகி, அஸ்தம்பட்டி பக்கம் ஒரு தனியார் அரங்கத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டோம். கிரீமியப் போரில் தொடங்கி அமெரிக்க உள்நாட்டுப் போர், ஹிரோஷிமா, வியட்நாம், வங்கதேசம், முள்ளிவாய்க்கால், காசா என்று ஒரு வரிசை. படத்தைப் பெரிதாக அச்சிட்டு, கீழே நாலு வரி தமிழில் குறிப்பு எழுதி மாட்டுவது, அவ்வளவுதான் திட்டம்.

இப்போது எல்லாப் பக்கமிருந்தும் முட்டுக்கட்டை. அரங்க உரிமையாளர் படப் பட்டியல் கேட்டார், கொடுத்தோம். முள்ளிவாய்க்கால் மொத்தமும் வேண்டாம், மற்றவற்றில் பிணம் தெரியாத படமாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். போலீஸோ வேறு யாருமோ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவராகவே சொல்கிறார். அச்சடிக்கிறவரிடம் போனால், முகங்களை மங்கலாக்கிக் கொண்டுவந்தால் அடித்துத் தருகிறேன் என்கிறார். இன்ஸ்டாகிராமில் போட்ட அறிவிப்பை அது திரை போட்டு மூடிவிட்டது. இதற்கு மேல் எங்கள் வட்டத்துக்குள்ளேயே சண்டை. எதையும் மறைக்கக் கூடாது என்று ஒரு தரப்பு. செத்துக் கிடப்பவரின் உடம்பைச் சுவரில் மாட்ட நமக்கு யார் உரிமை கொடுத்தது என்று இன்னொரு தரப்பு.

என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 1855ல் ரோஜர் ஃபென்டன் கிரீமியாவில் எடுத்த ஒரு படம் இருக்கிறது, ஒரு வெறும் பள்ளத்தாக்கு, தரை முழுக்க பீரங்கிக் குண்டுகள், ஓர் ஆள்கூட இல்லை. அதற்கு ஏழு வருடம் கழித்து, 1862ல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆன்டீட்டம் போர்க்களத்தில் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த படங்களை நியூயார்க்கில் மேத்யூ பிராடியின் காட்சிக்கூடத்தில் மாட்டினார்கள். வேலி ஓரமாக வரிசையாகச் செத்துக் கிடக்கும் சிப்பாய்கள். போர்க்களத்துப் பிணத்தைப் புகைப்படமாக அமெரிக்க மக்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து மாட்ட வேண்டும் என்பதற்காகவே நான் இந்தக் கண்காட்சிக்கு ஆசைப்பட்டேன். அரங்கக்காரர் சொல்வதைக் கேட்டால் முதல் படம் இருக்கும், இரண்டாவது இருக்காது. அப்புறம் கண்காட்சி எதற்கு?

முகத்தை மங்கலாக்குவது சரியா? சட்டப்படி எங்களை யாராவது தடுக்க முடியுமா? பள்ளிப் பிள்ளைகள் வந்தால் என்ன செய்வது? பத்திரிகையில் இருந்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்_பக்கம்:

தம்பி, நான் நாளிதழ் டெஸ்க்கில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறேன். உங்கள் அரங்கக்காரர் செய்கிற வேலையை நாங்கள் தினமும் ராத்திரி செய்தோம். தணிக்கை என்றாலே ஓர் அதிகாரி உட்கார்ந்து சிவப்பு மையால் அடிக்கிறார் என்று வெளியில் நினைக்கிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அப்படி ஓர் அதிகாரி எங்கள் அலுவலகத்துக்கு வந்ததே இல்லை. காலையில் காப்பியும் கையுமாகப் பேப்பரைப் பிரிப்பார்களே, இதைப் போடலாமா என்று எங்களில் ஒருவர் கேட்பார், யாரும் பதில் சொல்ல மாட்டோம், படம் ஓரமாகப் போய்விடும். யார் நிறுத்தினார் என்று கேட்டால் யாருமே நிறுத்தவில்லை.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. 1991 வளைகுடாப் போரில் கென்னத் ஜாரெக் என்ற போட்டோகிராபர், எரிந்துபோன லாரிக்குள் ஓர் இராக்கியச் சிப்பாய் வெளியே வரப் பார்த்தபடியே கருகி இருப்பதைப் படம் எடுத்தார். ராணுவம் அதைத் தடுக்கவில்லை. ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) என்ற செய்தி நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்தில்தான், பத்திரிகைகளுக்கு அனுப்புகிற படங்களிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதனால் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர்களில் பெரும்பாலோருக்குப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய்ப்பே வரவில்லை. லண்டனில் அப்சர்வர் பத்திரிகை போட்டது, அதுவும் சண்டை ஓய்ந்த பிறகு மார்ச் மாதத்தில். ராணுவ ரகசியம் எதுவும் அந்தப் படத்தில் இல்லை, ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்பது மட்டும்தான் இருந்தது.

அரசாங்கம் தடுத்த கதையும் உண்டு, அதிலும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் சிப்பாய்களின் பிணத்தை நீண்ட காலம் காட்ட விடவில்லை. நியூகினியாவில் பூனா கடற்கரையில் மூன்று அமெரிக்கர்கள் செத்துக் கிடப்பதை ஜார்ஜ் ஸ்ட்ராக் எடுத்தார், மாதக்கணக்கில் வெளியே வரவில்லை. 1943 செப்டம்பரில் லைஃப் பத்திரிகையில் வந்தது. ஏன் விட்டார்கள்? மக்கள் போரை மறந்து மெத்தனமாக இருக்கிறார்கள், அவர்களை உசுப்ப வேண்டும் என்று ரூஸ்வெல்ட் அரசாங்கம் நினைத்தது. மூடி வைத்ததும் அவர்கள் தேவைக்கு, திறந்து விட்டதும் அவர்கள் தேவைக்கு. மணலில் கிடந்தவர்களின் வீட்டாரை இரண்டு தடவையும் யாரும் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டுக் கதை ஒன்று சொல்கிறேன், உங்கள் வரிசையில் இது இல்லை, கட்டாயம் சேருங்கள். அதே 1943, வங்கப் பஞ்சம். போர்க்கால விதிகளைக் காட்டி, பஞ்சம் என்று எழுதவே விடாமல் வைத்திருந்தார்கள். கல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ், விதிகள் எல்லாம் எழுத்தைப் பற்றியே பேசுகின்றன, படத்தைப் பற்றி இல்லை என்று கவனித்து, தெருவில் செத்துக்கொண்டிருந்தவர்களின் படங்களை ஆகஸ்ட் 22 அன்று போட்டார். டெல்லிக்கும் லண்டனுக்கும் விஷயம் உறைத்தது அதற்குப் பிறகுதான். இன்னொரு பக்கம், ஓவியர் சித்தப்ரசாத் மிட்னாப்பூர் பக்கமெல்லாம் நடந்து திரிந்து வரைந்த ஓவியங்களையும் குறிப்புகளையும் புத்தகமாகப் போட்டார். அந்த 5000 பிரதிகளையும் பறிமுதல் செய்து அழித்தார்கள். கோட்டோவியத்துக்கே அவ்வளவு பயம்.

முகத்தை மங்கலாக்குவது பற்றிக் கேட்டீர்கள். என் அனுபவத்தில் அது இரண்டும் கெட்டான். முகத்தை அழித்தால் ஆள் போய்விடுகிறார், உடம்பு மட்டும் மிச்சம் இருக்கிறது. ஒரு படத்தை மாட்டத் தகுந்தது என்று நினைத்தால் முழுதாக மாட்டுங்கள், இல்லையென்றால் மாட்டாதீர்கள்.

வெட்டுவதும் அதே மாதிரிதான். 1972 ஜூன் 8 அன்று வியட்நாமில் டிராங் பாங் என்ற ஊரில் நேபாம் என்ற தீக்குண்டால் பட்ட காயத்தோடு ஓடி வருகிற சிறுமி கிம் ஃபுக்கின் படம் எல்லோருக்கும் தெரியும். ஏபியில் நிர்வாணம் கூடாது என்று விதி இருந்தது, சைகோன் அலுவலகத்தில் ஹோர்ஸ்ட் ஃபாஸ் வாதாடி அனுப்ப வைத்தார். ஆனால் நாம் வழக்கமாகப் பார்ப்பது வலது ஓரம் வெட்டிய பிரதி. முழுப் படத்தில் அந்த ஓரத்தில் ஒரு போட்டோகிராபர் குனிந்து பிலிம் மாற்றிக்கொண்டிருப்பார். அது இருந்தால் பார்ப்பவருக்கு வேறு கேள்விகளும் வரும். வெட்டாததைத் தேடி வாங்குங்கள். எடுத்தவர் பெயர் எழுதும்போது ஒரு கவனம்: நிக் உட் என்று ஏபி இன்றும் சொல்கிறது, பத்திரிகைப் படங்களுக்கு விருது கொடுக்கிற வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு 2025 மே மாதம் அந்தப் பெயரை நிறுத்தி வைத்துவிட்டது. இரண்டையும் எழுதிவிடுங்கள்.

இதே படத்தை 2016ல் ஃபேஸ்புக் எடுத்துவிட்டது, தெரியும்தானே? நார்வேயில் ஆஃப்டன்போஸ்டன் பத்திரிகை ஆசிரியர் முதல் பக்கத்திலேயே கடிதம் எழுதிய பிறகுதான் திரும்ப வந்தது. உங்கள் இன்ஸ்டாகிராம் திரைக்காக வருத்தப்பட்டு உட்கார வேண்டாம், போஸ்டரில் வெறும் எழுத்தைப் போட்டு அனுப்புங்கள்.

ஒண்டிக்கடை_டீச்சர்:

நான் ஏற்காட்டில் மேல்நிலை வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். சார் சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். மே மாதம் இங்கே கோடை விழா, மலர்க் கண்காட்சி, குடும்பம் குடும்பமாக மலைக்கு வருவார்கள், போகிற வழியில் சேலத்தில் உங்கள் அரங்கத்திலும் நுழைவார்கள். நாலு வயதுக் குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவரைக் கருகிய பிணம் வாசலிலேயே வரவேற்கக் கூடாது. உள்ளே ஒரு தடுப்பு கட்டி, அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெளிவாக எழுதி வையுங்கள். பார்க்க வேண்டும் என்று நினைப்பவர் தானாக உள்ளே போகட்டும். இதை மறைப்பது என்று யாரும் சொல்ல முடியாது.

அதே சமயம் என் பிளஸ் டூ பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வருவேன். அவர்கள் பார்க்காததையா நீங்கள் காட்டப் போகிறீர்கள்? போனில் தினமும் குண்டு வெடிக்கிறது, பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடுகிறது, எந்த ஊர், எந்த வருடம், செத்தவர் யார் என்று எதுவும் கிடையாது. 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் எல்லையில் சண்டை நடந்தபோது வீடியோ கேம் காட்சிகளையே போர் என்று வகுப்பில் காட்டினார்கள், நானே பார்த்தேன். ஊரும் தேதியும் பெயரும் எழுதிய ஒரு படத்தின் முன்னால் அவர்கள் ஐந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் படத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை, குறிப்பைக் குறைக்காதீர்கள்.

குகை_தெருக்காரன்:

மன்னிக்கணும், நேராகக் கேட்கிறேன். காட்டி என்ன ஆகப் போகிறது? 2015ல் துருக்கிக் கடற்கரையில் அந்தச் சிறுவன் ஆலன் குர்தி கவிழ்ந்து கிடந்த படத்தைப் பார்த்து உலகமே அழுதது, அதற்குப் பிறகும் படகுகள் கவிழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. காசாவில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களை 2023 அக்டோபரிலிருந்து சுதந்திரமாக உள்ளே விடவில்லை, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எடுத்து அனுப்புகிறார்கள், எடுத்தவர்களும் சாகிறார்கள், நாம் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறோம். பார்த்துப் பார்த்து மரத்துப் போச்சு. நீங்களும் நாற்பது படத்தை மாட்டி அதையேதான் செய்யப் போகிறீர்கள்.

வன்னிப்_பிள்ளை:

நான் ஒரு வாரமாக இந்த இழையை வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவதா விடுவதா என்று தெரியவில்லை. 1990ல் அம்மாவோடு படகில் வந்தவள். சேலம் மாவட்டத்து முகாமில்தான் வளர்ந்தேன், படித்தேன், இப்போதும் இங்கேதான். பெரியம்மா வீட்டு ஆட்கள் வன்னியிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களில் சிலரைக் கடைசியாக நான் பார்த்தது இணையத்தில் வந்த படத்தில். அதனால் எங்கட படங்களைப் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது.

2008 செப்டம்பரில் ஐநா ஆட்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டுப் போகச் சொன்னார்கள். பத்திரிகையாளர்களை விடவில்லை. அதற்குப் பிறகு 2009 மே வரைக்கும் அங்கே நடந்ததற்குப் படம் என்று இருப்பது இரண்டு வகைதான். ஒன்று, உள்ளே இருந்த எங்கட ஆட்கள் எடுத்தது: ஆஸ்பத்திரி என்று சொல்லப்பட்ட பள்ளிக்கூடத் தரை, பதுங்கு குழி, தறப்பாள் கொட்டில். மற்றது, இராணுவத்துச் சிப்பாய்கள் தங்கள் போனில் வெற்றிச் சின்னமாக எடுத்துக்கொண்டது. உடுப்பில்லாத பெண்களின் உடல்கள், கை கட்டப்பட்டவர்கள். நீங்கள் எல்லாவற்றையும் முள்ளிவாய்க்கால் என்ற ஒரே பெயரில் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். இரண்டாவது வகை ஒரு குற்றத்தின் சாட்சியம், பிரிட்டிஷ் தொலைக்காட்சி சேனல் 4 அதை 2011ல் ஒளிபரப்பியது அதற்காக, அது விசாரணைக்குப் போக வேண்டும். ஆனால் அந்தப் பெண்களைக் கொன்றவன் எந்தக் கண்ணோடு பார்த்து எடுத்தானோ அதே கோணத்தில் சேலத்தில் சுவரளவு பெரிதாக்கி மாட்டினால், அவன் செய்ய நினைத்ததை நாங்களும் சேர்ந்து செய்கிற மாதிரி இருக்கும். அந்தப் படங்களை மாட்டாதீர்கள். அப்படிப் படங்கள் இருக்கின்றன, யார் எடுத்தது, எங்கே ஒளிபரப்பானது என்று எழுதி வையுங்கள், போதும்.

அரங்கக்காரர் சொன்னபடி மொத்தத்தையும் எடுத்துவிட வேண்டாம். அது என்னால் தாங்க முடியாது. பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் படங்கள் 2013 பிப்ரவரியில் வந்தது நினைவிருக்கிறதா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை. நெஞ்சில் சூட்டுக் காயங்களோடு கிடக்கிற படம் முன்பே வந்துவிட்டது. தமிழ்நாட்டை உலுக்கியது மற்றப் படம்: மணல்மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து எதையோ தின்றபடி நிமிர்ந்து பார்க்கிறான், உயிரோடு. அடுத்த மாதம் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், இங்கே சேலத்திலும் கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். குகை அண்ணா, காட்டி என்ன ஆனது என்று கேட்டீர்கள். என் முகாமுக்கு வெளியே இருந்த ஆட்கள் எங்களிடம் வந்து, உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டது அந்த மாதத்தில்தான். போர் நிற்கவில்லை, அது நாலு வருடம் முன்பே முடிந்துவிட்டது. ஆனால் அதுவரை நாங்கள் சொன்னால் நம்பாதவர்கள் அதற்குப் பிறகு நம்பினார்கள். எனக்கு அது சின்ன விஷயமில்லை.

உயிரோடு இருக்கிற படங்களை முன்னால் வையுங்கள். செத்தவர்களை மாட்டுவதற்கு முன் எங்களைக் கேளுங்கள். இந்த மாவட்டத்திலேயே முகாம்கள் இருக்கின்றன, பஸ் பிடித்தால் வந்துவிடலாம், ஆனால் உங்கள் வட்டத்தில் யாரும் இதுவரை வரவில்லை.

கோர்ட்_கேன்டீன்:

சட்டக் கேள்விக்கு மட்டும் சுருக்கமாக. அசையாப் படங்களை மாட்டுவதற்குத் தணிக்கைச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை, 1952 ஆம் ஆண்டுச் சட்டம் சினிமாவுக்கானது. ஆனால் இடையில் ஓர் ஆவணப்படம் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தச் சட்டம் வந்துவிடும். முள்ளிவாய்க்கால் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' படத்துக்கு 2014ல் சான்றிதழ் மறுத்தார்கள், எடுத்தவர் கேலம் மெக்ரே இந்தியாவில் இணையத்தில் இலவசமாக விட்டுவிட்டார். அரங்கத்தில் போடுவது வேறு கதை.

விடுதலைப் புலிகள் மீதான தடை 2024ல் மீண்டும் ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கொடி, சின்னம், இயக்கத் தலைமையைப் போற்றுகிற வாசகம் இவை எதுவும் போஸ்டரிலோ குறிப்பிலோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மக்கள் பட்ட பாட்டைக் காட்டுவது குற்றமில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை, அவர் இறந்திருந்தாலும், வெளியிடக் கூடாது என்பது நம் சட்டத்தின் போக்கு, அந்த வகையில் அக்கா சொன்னது சட்டத்துக்கும் பொருந்தும். ஏஜென்சிப் படங்களுக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள், ஃபென்டன், கார்ட்னர் படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தளத்தில் பெரிய அளவிலேயே இலவசமாகக் கிடைக்கும். அரங்கக்காரர் தன் இடத்தில் என்ன நடக்கலாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதனால் அவரோடு மல்லுக்கட்டாமல் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

மூன்றாம்_பக்கம்:

வன்னிப்பிள்ளை அம்மா எழுதியதற்குப் பிறகு நான் முன்பு சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். முழுதாக மாட்டு இல்லையென்றால் மாட்டாதே என்றேன், அது மாறவில்லை. ஆனால் கேமராவுக்குப் பின்னால் நின்றது யார் என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும். வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் செய்த மை லாய் படுகொலையை நினைத்துப் பாருங்கள். 1968 மார்ச் 16, ராணுவப் போட்டோகிராபர் ரொனால்ட் ஹேபர்லி. ராணுவம் கொடுத்த கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்ததை ராணுவத்திடம் கொடுத்தார், அதில் படுகொலை தெரியாது. சொந்தக் கேமராவில் கலரில் எடுத்ததைத் தானே வைத்துக்கொண்டார், பாதையில் குவிந்து கிடந்த பெண்களும் குழந்தைகளும் அதில்தான் இருந்தார்கள். 1969 நவம்பரில் க்ளீவ்லாண்ட் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. ஒரே ஆள், ஒரே காலைப்பொழுது, யார் பார்ப்பதற்காக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு கதை.

குகைத் தெரு நண்பருக்கு: ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அன்றைக்கே ஊருக்குள் படம் எடுத்தவர் யோஷிதோ மட்சுஷிகே, உள்ளூர்ப் பத்திரிகைக்காரர். கண் முன்னால் இருந்ததைப் பார்த்துக் கை நகரவில்லை, ஐந்து படம்தான் தேறியது. அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தின் பத்திரிகை விதிகளால் இந்த மாதிரிப் படங்கள் முடங்கிக் கிடந்தன. ஆக்கிரமிப்பு முடிந்து 1952 ஆகஸ்டில் அசாஹி குராஃப் பத்திரிகை ஹிரோஷிமா, நாகசாகி படங்களை வெளியிட்டபோதுதான் ஜப்பானியர்களிலேயே பலர் முதன்முதலாகப் பார்த்தார்கள். அந்த ஏழு வருடம் குண்டு பட்டவர்கள் தங்களுக்கு நடந்ததை வாயால் சொல்லிச் சொல்லித்தான் புரிய வைக்க வேண்டியிருந்தது. படம் போரை நிறுத்தாது என்கிறீர்கள், சரி. அந்த ஏழு வருடத்தை அவர்களுக்கு மிச்சப்படுத்தியிருக்கும்.

அம்மாப்பேட்டை_வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி வட்டத்தில் உட்கார்ந்து பேசினோம். முன்பணம் திரும்பக் கிடைக்கிறதோ இல்லையோ அந்த அரங்கம் வேண்டாம் என்று முடிவு. அழகாபுரம் பக்கம் ஒரு நண்பரின் பழைய குடோன் காலியாக இருக்கிறது, வெள்ளையடித்தால் போதும். முகம் எதையும் மங்கலாக்கவில்லை. சிப்பாய்கள் போனில் எடுத்த படங்களை நீக்கிவிட்டோம், அந்த இடத்தில் குறிப்பு மட்டும் இருக்கும். வங்கப் பஞ்சமும் மை லாயும் சேர்கின்றன. தடுப்புக்கு உள்ளே என்ன, வெளியே என்ன என்று டீச்சர் ஒருமுறை வந்து பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அக்கா, நீங்கள் கடைசியாக எழுதியது உண்மை, நாங்கள் வந்திருக்க வேண்டும். முள்ளிவாய்க்கால் பகுதிக்கான படங்களை அச்சடிக்காமல் சின்னப் பிரதிகளாக எடுத்து வைத்திருக்கிறோம். முகாமில் யார் யாரிடம் காட்டிக் கேட்க வேண்டும், எப்போது வந்தால் வேலைக்குப் போகாமல் இருப்பார்கள்?

வன்னிப்_பிள்ளை:

ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, பத்து மணிக்குப் பிறகு. இங்கே ஆண்கள் பாதிப் பேர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள், அன்றைக்குத்தான் வீட்டில் இருப்பார்கள். வெளியாட்கள் உள்ளே வர அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும், வருகிறவர்களின் பெயரை எனக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். மூன்று பேருக்கு மேல் வேண்டாம். 2009ல் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு அதற்குப் பிறகு இங்கே வந்த ஓர் அம்மா இருக்கிறார், அவரிடம் நான் முதலில் பேசி வைக்கிறேன். அவர் வேண்டாம் என்று சொல்கிற படத்தைக் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுங்கள். வேண்டும் என்று சொன்னால் அதன் கீழே எழுத வேண்டிய வரியை அவரே சொல்வார், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.